கடைசி அக்காவின் சாயங்காலம்

அலுவலகத்தில் அவளுக்குக் கடைசி அக்கா என்று பெயர். வயதில் கடைசி இல்லை, பதவியிலும் கடைசி இல்லை. எல்லோரும் போன பிறகு விளக்குகளை அணைத்து, கதவைப் பூட்டி, சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போகிறவள் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். ஆரம்பத்தில் அதில் கொஞ்சம் கேலி இருந்தது. நாளடைவில் கேலி தேய்ந்து பெயர் மட்டும் மிஞ்சியது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் அதை ஒரு பதவி என்றே நினைத்துக்கொண்டார்கள்.

குடிநீர் வழங்கும் நிறுவனத்தின் கணினிப் பிரிவில் அவளுக்கு வேலை. நகரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கிற கிளைகள் எல்லாம், அன்றன்று அளவெடுத்த மீட்டர்களின் எண்களை ஒரு கோப்பாக்கி மத்தியானம் அனுப்பிவைக்கும். ஒவ்வொரு கோப்பிலும் எண்கள் சிறியதிலிருந்து பெரியதாக ஏறுவரிசையில் இருக்கும். அவற்றையெல்லாம் சேர்த்து, அதே ஏறுவரிசையில் ஒரே நீளக் கோப்பாக ஆக்கித் தரவேண்டும். அவ்வளவுதான். ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிவிட்டால் ஆகாதா என்று கேட்கலாம். ஆகாது. ஒரு வீட்டில் கழற்றின மீட்டரை இன்னொரு ஊரில் மாட்டுகிற வழக்கம் உண்டென்பதால், எந்த எண் எந்தக் கிளையில் கிடக்கும் என்று சொல்லவே முடியாது. ஒரே எண் இரண்டு கிளைகளிலிருந்து வந்தால் அவை வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கவேண்டும்; அடுத்த பிரிவுக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் கோளாறைக் கண்டுபிடிப்பார்கள்.

இந்தச் சேர்க்கும் வேலையைச் செய்கிற புரோகிராமை எப்போதோ ஒருவர் எழுதிவைத்துவிட்டு வேறு தேசத்துக்குப் போய்விட்டார். காலிசெய்த வீட்டில் விட்டுப்போன இரும்பு பீரோ மாதிரி அது அங்கேயே நின்றுகொண்டிருந்தது. நகர்த்த யாருக்கும் தெம்பில்லை. மத்தியானம் தட்டிவிட்டால் ஊர் அடங்குகிற நேரத்துக்குத்தான் முடியும். நடுவில் சில நாள் மயங்கி நின்றுவிடும். அதனால் யாராவது பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த யாராவது யார் என்ற பேச்சு வந்த நாளில் இவள் வாய் தவறி, இன்னிக்கு நான் பாத்துக்கிறேன் என்று சொல்லிவிட்டாள். அந்த இன்றைக்கு இன்னும் முடியவில்லை.

வீட்டில் கணவன் பஸ் டிரைவர். விடியுமுன் கிளம்புகிற முதல் வண்டி அவனுடையது. அதனால் சாயங்காலம் சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரமே படுத்துவிடுவான். அவள் வந்து கதவைத் திறக்கும்போது அவன் தூங்கிக்கொண்டிருப்பான். அவன் எழுந்து போகும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படித்தாள். சண்டை சச்சரவு இல்லாத தம்பதி என்று தெருவில் நல்ல பெயர். சண்டை போட இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டும் என்கிற நுட்பம் தெருவுக்குத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டே ஒரு சேதி சொன்னான். தூரத்து டிப்போவிலிருந்து நெடுந்தூர வண்டிக்கு ஆள் கேட்கிறார்களாம். அங்கேயே தங்கிக்கொள்ள அறை உண்டு, மாதம் ஒருமுறை வந்து போகலாம். மாதக் கடைசிக்குள் பதில் சொல்லவேண்டும்.

"போகணும்னு இருக்கா?" என்று அவள் கேட்டாள்.

"இல்ல. ஆனா இங்க இருந்தும் என்ன பண்றேன் சொல்லு. டிவியோடதான் பேசிக்கிட்டிருக்கேன். அதுவாவது நான் பேசும்போது முழிச்சிட்டிருக்கு."

குத்திக்காட்டுகிற குரல் இல்லை. பித்தானை இழுத்துப் பார்த்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தான். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டு விஷயத்தை முடித்திருக்கலாம்.

"சாயங்காலம் நீ வீட்டுல இருப்பேன்னா நான் எதுக்குப் போறேன்" என்றும் சொன்னான்.

மறுநாளே அவள் பழைய புரோகிராமைத் திறந்து படித்தாள். இத்தனை வருஷமாக அதற்குக் காவல் இருந்தாளே தவிர, உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்ததில்லை. பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அலுப்பு வந்தது. ஒரு மண்டபத்தில் அறுபது எழுபது வரிசைகளில் ஜனங்கள் உயரப்படி ஒழுங்காக நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் உள்ளே வந்து, எல்லா வரிசையையும் கலைத்து, ஒரே கும்பலாக்கி, அந்தக் கும்பலை முதலிலிருந்து உயரப்படி நிறுத்துகிறார். கும்பல் மண்டபத்தில் கொள்ளாததால் பாதிப் பேரை வெளியே அனுப்புவதும் திரும்ப உள்ளே கூப்பிடுவதுமாகப் பொழுது போகிறது. அவளுடைய சாயங்காலங்கள் இப்படித்தான் போயிருந்தன.

வரிசைகளைக் கலைக்கவே வேண்டியதில்லை. ஒவ்வொரு வரிசையிலும் முதலில் நிற்கிறவர்தான் அந்த வரிசையிலேயே குள்ளம். ஆகவே முதல் ஆட்களை மட்டும் பார்த்தால் போதும். அவர்களுக்குள் யார் குள்ளமோ அவரை வெளியே அனுப்பு, அவர் பின்னால் நின்றவர் முன்னுக்கு வருவார், திரும்பவும் பார். படித்த காலத்தில் பரீட்சைக்கு எழுதி மதிப்பெண்ணும் வாங்கிய விஷயம்தான். வேலையில் சேர்ந்த பிறகு படித்தது எதற்கும் உதவாது என்று எல்லோரும் சொன்னதை அவளும் நம்பிவிட்டாள்.

பழைய புரோகிராம் ஓடுகிற நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து புதியதை எழுதினாள். அதை ஒழித்துக்கட்டுவதற்கான நேரத்தை அதன் மந்தமே தாராளமாகக் கொடுத்தது.

முதல்தடவை ஓட்டிப் பார்த்தபோது புதியது பழையதைவிட மெதுவாகப் போனது. அன்று அவள் நாற்காலியில் சாய்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் காரணம் புரிந்தது. ஒவ்வொரு எண்ணுக்கும் டிஸ்க் வரை போய் ஒன்றே ஒன்றை எடுத்துவரும்படி எழுதியிருந்தாள். ஒரு தீக்குச்சி வேண்டும் என்றால் கடைக்கு நடந்து போய் ஒரே ஒரு குச்சி வாங்கி வருகிற சமர்த்து. பெட்டியாக வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளும்படி மாற்றினாள். பெட்டி காலியானால் மட்டும் கடைக்குப் போவது.

இன்னொரு தொந்தரவு, ஒவ்வொரு தடவையும் அத்தனை முதல் ஆட்களையும் எழுப்பி உயரம் பார்ப்பது. அதற்கு ஒரு பந்தயம் வைத்தாள். இரண்டிரண்டு பேராக ஒப்பிடு, குள்ளமானவருக்கு ஜெயம். ஜெயித்தவர்களை மறுபடி இரண்டிரண்டாக ஒப்பிடு. கடைசியில் ஒருவர் ஜெயிப்பார். அவர் வெளியேறினால், அவர் இடத்துக்கு வருகிறவர் அவர் ஆடின ஆட்டங்களை மட்டும் ஆடினால் போதும். மற்றவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கலாம். சம்பந்தமில்லாதவர்களை எழுப்பாமல் ஒரு வேலை நடக்கிறது என்பது அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது.

அடுத்த ஓட்டம், அவள் டீ வாங்கிக்கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. ஏதோ தப்பு என்று நினைத்து இன்னொருமுறை ஓட்டினாள். டீ ஆறுவதற்குள் அதுவும் முடிந்தது.

பிரிவுத் தலைவருக்கு அப்புறம் சார் என்று பெயர். எதைக் கொண்டுபோனாலும் அப்புறம் பார்க்கலாம் என்பார். கெட்டவர் இல்லை. கையெழுத்துப் போட்டதனால் வந்த வம்புகளை நிறையப் பார்த்தவர். போடாததனால் வந்த வம்பு எதையும் இதுவரை பார்த்ததில்லை. அவள் போய்ச் சொன்னபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இத்தனை காலம் ஓடிக்கொண்டிருந்ததை ஏன் தொடுகிறீர்கள் என்றார். வேகமாக முடிகிறது என்றாள். வேகமாக முடிந்தால் அதில் ஏதோ விட்டுப்போயிருக்கும் என்றார். அவர் அனுபவத்தில் அதுதான் நடந்திருந்தது.

கடைசியில் ஒரு நிபந்தனைக்கு இறங்கிவந்தார். மாதக் கடைசிவரை பழையதையும் புதியதையும் தினமும் ஓட்டவேண்டும். இரண்டும் கொடுக்கிற கோப்பு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒரு நாள் பிசகினாலும் பழையதே இருக்கட்டும்.

ஆக, சீக்கிரம் வீட்டுக்குப் போவதற்காக அவள் இன்னும் தாமதமாகப் போகத் தொடங்கினாள். பழையது முடியவேண்டும், பிறகு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். வீட்டுக்கு வரும்போது கணவன் முதல் தூக்கத்தைத் தாண்டி ஆழ்ந்த தூக்கத்துக்குப் போயிருந்தான். மத்தியான இடைவேளையில் போன் செய்து, வேலை நடந்துகொண்டிருக்கிறது என்றாள். எந்த வேலை என்று அவன் கேட்டான். உங்களைப் போகவிடாமல் பண்ணுகிற வேலை என்று சொல்ல வாய் வந்தது. சேர்க்கிற வேலை என்று மட்டும் சொன்னாள். சரி, ஆனால் டிப்போக்காரன் பதில் கேட்டு நச்சரிக்கிறான் என்றான் அவன்.

நாள்கள் ஒழுங்காகப் போயின. இரண்டு கோப்புகளும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. அப்புறம் சார்கூட ஒருநாள் அவள் மேஜைப் பக்கம் வந்து தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது கோப்புகள் பிசகின.

நீளம் ஒன்றுதான். ஒரு எண்கூடக் குறையவில்லை, கூடவில்லை. ஆனால் புதிய கோப்பில், ஏழு இலக்க எண்கள் வரிசையாக ஏறிக்கொண்டே போகிற இடத்தில், திடீரென்று மூன்று இலக்க எண்கள் கூட்டமாக வந்து நின்றன. பெரியவர்கள் பந்தியில் குழந்தைகள் புகுந்த மாதிரி. எல்லாம் மலைக் கிளையின் மீட்டர்கள். மலைப்பக்கத்தில் இன்னும் மிகப் பழைய மீட்டர்கள் ஓடுவதால் அங்கே சின்ன எண்கள் அதிகம்.

அப்புறம் சார் அதைப் பார்த்தார். திட்டவில்லை. அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. பழையதே நல்லது என்று நான் அன்றைக்கே நினைத்தேன் என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மலைக் கிளை அனுப்பிய கோப்பை அவள் திறந்து பார்த்தாள். பத்து லட்சத்துச் சொச்சத்தில் ஆரம்பித்தது. ஏழு இலக்க எண்கள் முதலில் நிற்க, மூன்று இலக்க எண்கள் எங்கோ பின்னால் நின்றன. எண்களை எண்ணாகப் பார்க்காமல் அகராதிச் சொற்களைப் போல, முதல் இலக்கத்தை வைத்து யாரோ அடுக்கியிருந்தார்கள். அப்படி அடுக்கினால் ஒன்றில் தொடங்குகிற பத்து லட்சம் முன்னால் போகும். ஒன்பதில் தொடங்குகிற தொள்ளாயிரம் பின்னால் போகும். வரிசையின் முதலில் நெட்டையாக ஒருவர் நின்றால், அவர் நகரும்வரை பின்னால் இருக்கிற குள்ளர்கள் யார் கண்ணிலும் படமாட்டார்கள்.

நேற்றுவரை ஒழுங்காக வந்த கோப்பு இன்றைக்கு ஏன் இப்படி? மறுநாள் காலை மலைக் கிளைக்குப் போன் செய்தாள். எடுத்தது அங்கே பல வருஷமாக இருக்கிற எழுத்தர் அம்மா. முகம் பார்த்ததில்லை, குரல் மட்டும் பழக்கம். மகள் பிரசவத்துக்கு லீவு எடுத்திருந்தாராம், நேற்றுத்தான் திரும்பினாராம். பேத்தி. நல்ல எடை. அக்கா சந்தோஷப்பட்டு, குழந்தை யார் ஜாடை என்றெல்லாம் விசாரித்துவிட்டுக் கோப்புக்கு வந்தாள்.

"நீங்களே கேப்பீங்கன்னு நெனச்சேன்" என்றார் அந்த அம்மா. "நான் இல்லாத நாளுல எல்லாத்தையும் கன்னாபின்னான்னு அனுப்பியிருக்காங்க. வந்ததும் முதல் வேலையா நேத்து சரி பண்ணிட்டேன்."

"எப்படிச் சரி பண்ணுவீங்க?"

"மெஷின் குடுக்கிறதைத் தெறந்து பாத்தா, நம்பரெல்லாம் வலது பக்கமா ஒதுங்கி நிக்கும். இடது ஓரம் எலி கடிச்ச மாதிரி இருக்கும். அப்படியா அனுப்புறது, நாலு பேர் பாக்கிறதை? எல்லாத்தையும் எழுத்துன்னு மாத்திட்டா இடது பக்கமா ஒட்டி நிக்கும். அப்புறம் வரிசைப்படுத்தி, ஒருதரம் கண்ணால பாத்துட்டுத்தான் அனுப்புவேன்."

இத்தனை வருஷமாக அந்தக் கோப்பை நாலு பேர் இல்லை, ஒருவர்கூடத் திறந்து பார்த்ததில்லை என்று எப்படிச் சொல்வது? கண்ணும் கருத்துமாக வேலை செய்கிற ஒரே கிளை கெட்ட கோப்பை அனுப்பிக்கொண்டிருந்தது. ஏனோதானோ என்று செய்கிற மற்ற கிளைகளெல்லாம் சரியாக அனுப்பிக்கொண்டிருந்தன. பழைய புரோகிராம் எல்லா வரிசையையும் கலைத்துவிட்டு ஆரம்பித்ததால் இது யாருக்கும் தெரியாமலே போயிற்று. அது முட்டாள்தான். முட்டாள்தனத்தாலேயே எல்லோரையும் மன்னித்துக்கொண்டிருந்தது.

சொல்லாமலும் விடமுடியாது. எண்ணாக அடுக்குவதற்கும் எழுத்தாக அடுக்குவதற்கும் உள்ள வித்தியாசத்தை மெதுவாகச் சொன்னாள்.

"இத்தனை வருஷமா யாரும் ஒண்ணும் சொல்லலையே" என்றார் அந்த அம்மா.

"யாரும் பாக்கலை. நானும்தான்."

"அப்ப இனிமே அப்படியே அனுப்பிடவா? எலி கடிச்ச மாதிரியே?"

"அப்படியே அனுப்புங்கம்மா. இங்க அது அழகாத்தான் இருக்கும்."

அந்த அம்மா சரி என்றார். சொன்னபடி செய்யக்கூடியவர்தான். ஆனாலும் போனை வைத்த பிறகு அக்கா யோசித்தாள். இவர் நிறுத்தினாலும் இன்னொரு கிளையில் இன்னொருவர் எப்போதாவது அக்கறை காட்டிவிடுவார். அக்கறையைத் தடுக்க யாராலும் முடியாது. புரோகிராமில் ஒரு வரி சேர்த்தாள். ஒவ்வொரு எண்ணையும் எடுக்கும்போது, அதே கோப்பிலிருந்து அதற்கு முன்னால் எடுத்ததைவிடச் சிறியதா என்று பார். சிறியதென்றால் சேர்ப்பதை நிறுத்தி, அந்த ஒரு கோப்பை மட்டும் தனியே எடுத்துப்போய் நேராக்கிக்கொண்டு வந்து, முதலிலிருந்து ஆரம்பி.

அப்புறம் சாரிடம் போனாள். அவர் பழைய வாதத்தையே எடுத்தார்.

"பழசு யாரையும் நம்பலைம்மா. அதனால யார்கிட்டயும் ஏமாறலை. உங்களோடது எல்லாரையும் நம்புது."

"நம்பட்டும் சார். ஒரு பக்கம் நம்பிக்கிட்டே ஒருதரம் திரும்பியும் பாத்துக்கட்டும். திரும்பிப் பாக்க ஒரு நிமிஷம்கூட ஆகலை." அதற்குமேல் அவளுக்கு வாதாடத் தெம்பில்லை. "சார், எனக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போகணும். வேற ஒண்ணும் இல்லை."

அவர் கண்ணாடியைத் துடைக்கக் கழற்றியவர் துடைக்காமலே வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். வேகம், நினைவக மிச்சம் என்று அவள் இதுவரை சொன்ன காரணம் ஒன்றும் அவர் காதில் ஏறவில்லை. இது ஏறியது போலிருந்தது. இன்றைக்கும் இரண்டையும் ஓட்டுங்கள், ஒத்துப்போனால் நாளையிலிருந்து பழையதை விட்டுவிடலாம் என்றார். அப்புறம் என்று தள்ளாமல் அவர் ஒன்றுக்குச் சம்மதித்தது அவளுக்குத் தெரிந்து அதுவே முதல்தடவை.

அன்று மத்தியானம் மலைக் கிளையிலிருந்து கோப்பு வந்தது. இடது ஓரம் பிசிறில்லாமல், பளிச்சென்று, அகராதி வரிசையில். கைப்பழக்கம். வாக்குக் கொடுத்தது வாய்தானே. புதிய புரோகிராம் அதைத் தனியே எடுத்துப்போய் நேராக்கிக்கொண்டு வந்து சேர்த்தது. பழையது முடிகிறவரை காத்திருந்து, கட்டடமே காலியான பிறகு, அவள் இரண்டையும் ஒப்பிட்டாள். எழுத்துக்கு எழுத்து ஒன்று. பக்கத்தில் சொல்லிக்கொள்ள யாரும் இல்லை. விளக்குகளை அணைத்தாள்.

மறுநாள், மாதத்தின் கடைசி நாள், மற்றவர்களோடு சேர்ந்து படியிறங்கினாள். காவலாளி எழுந்து நின்று, உடம்பு சரியில்லையா அக்கா என்று கேட்டான். அலுவலகத்தை ஒட்டி ஒரு செருப்புக்கடை இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. காலையிலும் இரவிலும் அவள் பார்த்ததெல்லாம் மூடின ஷட்டரைத்தான். தினமும் காலியாக வருகிற பஸ், இந்த நேரத்தில் படிக்கட்டுவரை ஆளாக வந்தது. வழக்கமாக ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு தூக்கம் போடுகிறவள், வீடுவரை ஒற்றைக் கையில் தொங்கிக்கொண்டு போனாள். சீக்கிரம் வீட்டுக்குப் போகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் போகிறார்கள் போல.

கணவன் பனியனோடு வாசலுக்கு வந்தான்.

"என்ன, வேலையை விட்டுட்டியா?"

"முடிஞ்சிடுச்சு."

"எது?"

"எல்லாம்."

அவன் மேற்கொண்டு கேட்காமல் டீ போடப் போனான். அடுப்படியில் எந்த டப்பா எங்கே இருக்கிறது என்று அவளைவிட அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஜன்னல் வழியே சாயங்கால வெயில் தரைவரை வந்து கிடந்தது. இந்த வீட்டுக்கு மேற்குப் பக்கம் ஒரு ஜன்னல் இருப்பதையே அவள் மறந்திருந்தாள். அவன் தம்ளரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். மண்டபத்தைப் பற்றிச் சொன்னாள், வரிசைகளைப் பற்றிச் சொன்னாள், குள்ளர்கள் நெட்டையர்கள் பற்றிச் சொன்னாள். அவன் கவனமாகக் கேட்டு, டிப்போவிலும் இப்படித்தான் வண்டிகளைக் கலைச்சுக் கலைச்சு நிறுத்துவானுங்க என்றான். அவள் ஆமாம் என்று சொல்ல நினைத்தாள். தலை அவன் தோளில் சாய்ந்தது.

எவ்வளவு நேரமோ தெரியவில்லை. வெயில் போயிருந்தது. விளக்குப் போடவில்லை. டிவியும் போடவில்லை. அவன் தோளை அசைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். அவன் படுக்கிற நேரம் தாண்டியிருக்கும் என்று அவளுக்கு அரைத்தூக்கத்தில் தோன்றியது. அவன் கையில் போன் முனகியது. டிப்போக்காரன்.

"இல்லப்பா, நான் வரலை. இங்கயே இருந்துக்கிறேன்" என்றான் அவன், மிகத் தாழ்ந்த குரலில்.

எதிர்முனையில் டிப்போக்காரன் ஏதோ கத்திக் கேட்டான். ஏன் இப்படிக் கிசுகிசுவென்று பேசுகிறாய் என்று கேட்டிருக்க வேண்டும்.

"வீட்டுல ஆள் இருக்கு" என்றான் கணவன்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் ஏதாவது பேசவேண்டியிருக்கும். நாளைக்குப் பேசிக்கொள்ளலாம், நாளைக்கும் சாயங்காலம் உண்டு.